சொட்டு மருந்துக்கு ஒரு கூடை ஐஸ்

அஞ்சுகம்,

விடியுமுன்னே ஆஸ்பத்திரிக்குப் போகிறேன். வரிசையில் உனக்கு இடம் பிடித்து வைக்கிறேன். நீ கஞ்சி குடித்துவிட்டு, வெயில் ஏறுமுன் பாப்பாவைத் தூக்கிக்கொண்டு வா. வீட்டைப் பூட்டிச் சாவியைப் பக்கத்து வீட்டு சிவகாமியிடம் கொடு. அவள் மகன் காலைப் பற்றி ஒன்றும் கேட்காதே. போன மாதம்வரை ஓடிய பிள்ளை. இப்போது இடுப்பில் தூக்கிக்கொண்டு திரிகிறாள்.

நாடு முழுக்கப் போலியோ சொட்டு மருந்து என்று ரேடியோக்காரன் கத்துகிறான். நீயும் மூன்று தடவை போனாய். "வைக்க ஐஸ் இல்ல, மருந்து கெட்டுப்போச்சு, அடுத்த வாரம் வாங்க" என்று நர்ஸம்மா திருப்பி அனுப்பினாள். மீனுக்கு இருக்கிற ஐஸ் பிள்ளைகளுக்கு இல்லையாம்.

இன்றைக்காவது மருந்து கிடைக்கும் என்று நான் நம்பவில்லை. நேற்று அதைத்தான் சொன்னேன். "நம்பாம உக்காந்திருந்தா புள்ளைக்குக் கால் யாரு குடுப்பா மாமா?" என்று கேட்டுவிட்டு நீ குடத்தைத் தூக்கிக்கொண்டு தண்ணீருக்குப் போய்விட்டாய். அந்தக் கேள்விக்காகத்தான் போகிறேன்.

மீன் கூடையைக் கழுவி, உமி போட்டு ஐஸ் கட்டி எடுத்துப் போகிறேன். ஐஸ் இல்லை என்று இன்றைக்குச் சொல்லட்டும், பார்க்கலாம். கூடை நாறினால் நாறட்டும். நான் மீன் ஏலத்துக்கு வரமாட்டேன். கடலுக்குப் போன என் மகன் கரையேறினால் மீனை அவனையே விற்கச் சொல்.

மாமா

இன்னொன்று. நேற்று நீ தண்ணீருக்குப் போயிருந்தபோது பாப்பா என் வேட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றாள். முதல் தடவை. கோபத்தில் உன்னிடம் சொல்லவில்லை.