சாய்ந்த கீறல்

தங்கச்சிக்கு,

உன் கடை வாசலில் மாட்டியிருக்கும் ரொட்டிப் படத்தை நேற்று எதிர்ப்பக்கம் நின்று பார்த்தேன். உள்ளே வரவில்லை. போட்டோகிராபரை வரவழைத்து எடுத்தாயாமே. வயிறு எரிகிறது.

என் கடைப் பலகையில் இருப்பது இணையத்திலிருந்து எடுத்த படம். இன்று ஒருவர், "படத்துல இருக்கிற ரொட்டிதான் வேணும்" என்று பிடிவாதமாக நின்றார். அப்படியொரு ரொட்டியை நான் செய்ததே இல்லை.

உன் படத்தில் அழகாகத் தெரிகிறதே, அடுப்பில் வைக்கும் முன் மாவில் போடும் சாய்ந்த கீறல், அது என் கைப்பழக்கமடி. கடையைப் பிரித்துக்கொண்ட பிறகு, உன்னுடையதைப் போல இருக்கக் கூடாதென்று வீம்புக்கு நான்தான் நேராகக் கீறினேன்.

நாளையிலிருந்து சாய்த்தே கீறுவேன். அந்தப் போட்டோகிராபரை அனுப்பி வை. எந்த ரொட்டி யாருடையது என்று அவர் குழம்பினால், நீயே வந்து சொல்.

கோபம் தீராத
அக்கா