சட்டை கழற்றிய காரணம்

ஏப்ரல் 3, வியாழன்

கண் ஆபரேஷன் மறுபடியும் தள்ளிப்போனது. கையில் பட்டையைச் சுற்றியதுமே பயம். பயந்ததும் பிரஷர் 180. அது இறங்கினால்தான் புரையை எடுப்பார்களாம். கண் சரியாகத் தெரியாமல் எழுதும் இந்த வரிகள்கூடக் கோணலாக மேலே ஏறுகின்றன என்று நினைக்கிறேன்.

டாக்டர் காயத்ரி பொறுமையாக விளக்கினார். இரத்தக் குழாயின் உட்புறம் மெல்லிய படலம் ஒன்று இருக்கிறது. அதிலிருந்து நைட்ரிக் ஆக்சைடு கசிந்து, சுற்றியுள்ள தசையைத் தளரச் சொல்கிறது. தசை தளர்ந்தால் குழாய் விரியும், அழுத்தம் குறையும். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. கல்லூரியில் வேதியியல் நடத்திய காலமெல்லாம் அதை விஷவாயு, ஜன்னலைத் திற என்றுதானே சொல்லிக்கொடுத்தேன்?

"வயசானா அந்தப் படலம் சோம்பேறி ஆயிடும் சார். மாத்திரைய விடாதீங்க. காலை வெயில்லயும் கொஞ்சம் உட்காருங்க. தோல்ல இருக்கிற நைட்ரிக் ஆக்சைடு இருப்பு ரத்தத்துல இறங்கும்."

எவ்வளவு தோல் என்று கேட்டேன். சிரித்தார்.

ஏப்ரல் 5

முகமும் கையும் போதாது. முதுகும் மார்பும் சேர்ந்தால்தான் பரப்பளவு தேறும். ஆனால் எங்கே கழற்றுவது? மாடியில் குடித்தனக்காரப் பெண்கள் துணி காயப்போடுகிறார்கள்.

ஏப்ரல் 6, ஞாயிறு

சிப்காட்டில் ஆசிட் கம்பெனியின் பின் கேட்டுக்கு எதிரே காலி மனை. ஆள் நடமாட்டம் இல்லை. பாய் விரித்து, சட்டையை மடித்து வைத்து, கிழக்கே பார்த்து உட்கார்ந்தேன். கேட்டில் இருந்த செக்யூரிட்டி என்னையே பார்த்தான். பிறகு யாருக்கோ போன் செய்தான்.

ஏப்ரல் 7

அடுத்த தெரு சாம்சன் வந்தான். அதே கம்பெனியில் கான்டிராக்ட் வேலையிலிருந்து நிறுத்தப்பட்டவன். ஒன்றும் கேட்காமல் சட்டையைக் கழற்றிவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"கம்பெனி கழிவால ஊரு போர் பம்புல மஞ்சத் தண்ணி வந்துகினே கீது. ஊர்ல ஒருத்தனுக்கும் தில்லு இல்ல. அரை நிர்வாணப் போராட்டம்னு நீதான் சார் குந்திக்கினே."

வெயிலுக்காக என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் இன்னும் நாலு பேர் கழற்றிவிட்டார்கள். கழற்றியவர்களைப் போட்டுக்கொள்ளச் சொல்வது எப்படி?

வீட்டில் ஏஞ்சலின் சிரித்துச் சிரித்துக் களைத்துப்போனாள். "கறிக்கடையில எலும்பா போட்டாக்கூட வாய தொறக்க மாட்டாரு எங்க ஊட்டுக்காரரு. இவரு கம்பெனிய எதிர்த்துகினாராம்."

ஏப்ரல் 9

கம்பெனி அதிகாரி இளநீரோடு வந்தார். என்ன கோரிக்கை என்று பணிவாகக் கேட்டார். பொய் சொல்ல வராது எனக்கு. இரத்தக் குழாய் தளர வேண்டும் என்றேன். குறித்துக்கொண்டார்.

மாலையில் சாம்சனும் மற்றவர்களும் ஃப்ளெக்ஸ் கட்டிவிட்டார்கள்: 'எங்கள் இரத்தக் குழாய்களைக் காப்பாற்று.' கீழே என் படம், சட்டை இல்லாமல்.

ஏப்ரல் 10

கூட்டம் பெருகியதால் என்மேல் நிழல் விழுகிறது. தள்ளி உட்காருங்கள் என்று சொல்லத் தயக்கம்.

ஏப்ரல் 11

கைது. நான். கைது!

வேனில் ஏறும் முன் இன்ஸ்பெக்டர், "பெரியவரே, மொதல்ல சட்டைய போட்டுக்குங்க" என்றார். இன்றைய வெயில் இன்னும் முடியவில்லையே என்ற கவலையில், "இன்னும் நேரம் ஆகலீங்க" என்று சொல்லிவிட்டேன். எல்லோரும் கைதட்டினார்கள். சாம்சன் அழுதேவிட்டான்.

கல்யாண மண்டபத்தில் வைத்தார்கள். எலுமிச்சை சாதம். வயதானவர்களுக்கு நர்ஸ் பிரஷர் பார்த்தாள். 138.

மறுபடி பாரம்மா என்றேன். அதேதான். யோசித்தால், பட்டையைச் சுற்றும்போது பயப்பட மறந்திருக்கிறேன்.

ஏப்ரல் 14

விசாரித்தேன். மாத்திரையா, வெயிலா, வேறு ஏதாவதா? தெரியாது, எதுவானாலும் ஆபரேஷனுக்கு வாருங்கள் என்கிறார் டாக்டர் காயத்ரி. ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு நான் இல்லை. முடிவு எழுத முடியாத சோதனை.

ஏப்ரல் 22

ஆபரேஷன் முடிந்தது. வலி இல்லை. ஏஞ்சலின் எழுதித் தருகிறாள், நடுவில் சிரிக்கிறாள்.

ஏப்ரல் 24, வியாழன்

கட்டுப் பிரித்தார்கள். சுவர் வெள்ளை. ஏஞ்சலின் தலை வெள்ளை. ஆபரேஷன் ஆகாத கண்ணால் பார்த்தால் இரண்டுமே மஞ்சள். புரை விழுந்த கண் அப்படித்தான் காட்டும். குடிக்கிற தண்ணீரையும் அந்தக் கணக்கில்தான் வைத்திருந்தேன்.

டம்ளரில் பிடித்து, புதுக் கண்ணால் மட்டும் பார்த்தேன். கொட்டிவிட்டு மறுபடி பிடித்துப் பார்த்தேன். அப்போதும் மஞ்சள்.

ஏப்ரல் 25

பிரஷர் சரியாக இருக்கிறது, இனி வெயிலில் உட்கார வேண்டியதில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். காலையிலிருந்து வானம் மூடிக்கிடக்கிறது. கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு காலி மனைக்குப் போனேன். பாயை விரித்தேன். சட்டையைக் கழற்றி மடித்து வைத்தேன்.