குச்சி ஐஸ்

ஞாயிறு, செம்மேடு

இன்று ஒரு பாடகியின் வாழ்க்கைப் படம் பார்த்தேன். எட்டு வயதிலேயே ஊரறிந்தவள். குரல் கெட்டுவிடும் என்று பிறந்தநாளில்கூட அவள் கையிலிருந்த ஐஸைப் பிடுங்கிவிடுகிறார் அப்பா. அதற்குமேல் பார்க்க முடியவில்லை.

அதே வயதில் எனக்கும் டிவி பாட்டுப் போட்டியில் இடம் கிடைத்தது. அப்பா அனுப்பவில்லை. அழுத என்னைச் சோளக்காடு சந்தைக்குக் கூட்டிப்போய்க் குச்சி ஐஸ் வாங்கித் தந்தார்.

"தொண்டை கட்டிக்குங்கப்பா."

"கட்டுனா கட்டட்டும் கண்ணு, தின்னு."

என் கல்யாணத்தன்றுகூட அந்தப் போட்டியைச் சொல்லிக் காட்டினேன்.

இப்போதுதான் அவருக்குப் போன் செய்தேன். நன்றி சொல்ல வாய் வரவில்லை.

"ஏங்கண்ணு, குரல் கம்மிக் கெடக்குது? சளியா?"

"ஆமாங்கப்பா" என்றேன். "ஐஸ் தின்னுட்டேன்."