ஞாயிற்றுக்கிழமைத் தண்ணீர்

அன்புள்ள குட்டிக்கு,

அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் சாப்பிட்டு, தூங்கி, சண்டை போட்டு நன்றாகத்தான் இருக்கிறோம், உனக்கு அந்த இருமல் விட்டதா, முதலில் அதை எழுது. மாடி வீட்டுக்காரர்கள் காலி செய்துவிட்டார்கள், தலைக்கு மேல் சத்தம் இல்லாமல் அப்பாவுக்குத் தூக்கம் வரவில்லையாம், இந்த மனுஷனை என்ன சொல்ல.

போன வாரம் போனில் நீ அழுதபோது நான் வெறும் உம் கொட்டினேன் என்று வருத்தப்படாதே, பக்கத்தில் எங்கள் ஆலை மேஸ்திரியின் மனைவி உட்கார்ந்திருந்தாள், வாயைத் திறக்க முடியுமா? நாலு மாதமாக வாய்க்கால் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்துச் சோதனைக்கு அனுப்பியும் சுத்தம் என்றே வருகிறது, விசாரணையில் எதைக் காட்டுவது, ஆலைக்கு இன்னொரு சாயப்பட்டறை கட்ட அனுமதி கொடுத்துவிடுவார்கள் என்றாய். அடி மக்கு, இவ்வளவு படித்தும் என்னிடம் ஒரு வார்த்தை கேட்கத் தோன்றவில்லையே! இங்கே இருக்கும் உன் கூட்டாளிகள் எல்லாரும் வேலைக்குப் போகிறவர்கள், ஞாயிற்றுக்கிழமைதான் பாட்டிலோடு வருகிறார்கள். அன்றைக்கு எங்களுக்கும் லீவு. அந்த வாரம் விட்ட சாயத் தண்ணீரெல்லாம் அதற்குள் அடித்துக்கொண்டு போயிருக்கும். புதன்கிழமை மத்தியானம் மூன்று மணிக்கு வரச் சொல், அப்போதுதான் தொட்டிகளைக் கழுவி மடையைத் திறக்கிறோம். திறக்கிறவள் நான்தான், எனக்குத் தெரியாதா.

நல்ல வேலையை விட்டுவிட்டு நீ இதில் இறங்கியபோது ஊர் வம்பை விலைக்கு வாங்குகிறாயே என்று திட்டினேன், இல்லையென்று சொல்லவில்லை. இப்போது மடையைத் திறக்கும்போதெல்லாம் அந்தத் தண்ணீர் போகிற வழியையே பார்த்துக்கொண்டு நிற்கிறேன், இத்தனை வருடம் என் கையால்தானே விட்டேன். விசாரணையில் நானே போய்ச் சொல்கிறேன் என்று அப்பாவிடம் சொன்னேன். உன் வேலை போச்சுன்னா என்னடி பண்ணுவ என்று கத்தினார். எனக்கும் பயம்தான். ஆனாலும் பாட்டிலை மட்டும் நீட்டினால் ஏதாவது சாக்குச் சொல்லித் தட்டிக் கழிப்பார்கள், ஆளே போய் நின்று சொன்னால் என்ன செய்வார்கள்? வருவது வரட்டும் என்று முடிவு பண்ணிவிட்டேன். நேற்று அப்பா செருப்பைத் துடைத்துக்கொண்டே, நீ தனியா போக வேணாம், நானும் வர்றேன் என்று முணுமுணுத்தார்.

நேரத்துக்குச் சாப்பிடு, கண் விழித்து உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதே. எடுத்த காரியத்தை முடித்துவிட்டுத்தான் நீ வீட்டுக்கு வர வேண்டும், நன்றாக இருப்பாய். மறந்துவிடாதே, சாட்சிப் பட்டியலில் என் பெயரைச் சேர். உன் அம்மா என்று எழுதாதே, பத்தொன்பது வருடமாகச் சாயத்தொட்டி கழுவுகிறவள் என்று எழுது.

இப்படிக்கு,
உன் அம்மா