பதினான்காம் படுக்கையின் சாட்சியம் கோரி

அனுப்புநர்:
லென்ஸ் தேய்ப்பவர், மூக்குக்கண்ணாடிக் கடை.
(பெயரும் முகவரியும் மூடிய உறையில் தனியே.)

பெறுநர்:
செயலாளர் அவர்கள், தனிநபர் புகார்ப் பிரிவு, பன்னாட்டு மனித உரிமைக் குழு.

பொருள்: பத்தொன்பது ஆண்டுகள் என்னுடன் குடும்பம் நடத்தியவரை மருத்துவமனையில் பார்க்க அனுமதி மறுப்பு – இடைக்கால உத்தரவு கோருதல் – தொடர்பாக.

பார்வை: என் முதல் மனுவின் மீது தாங்கள் விளக்கம் கேட்டு எழுதிய கடிதம்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. மனுவைத் தள்ளிவிடாமல் விளக்கம் கேட்டதற்கு நன்றி. நான்கு மாதங்களில் என்னை ஒரு பொருட்டாக மதித்து வந்த கடிதம் அது ஒன்றுதான். தேவைக்கு ஒரு முறையும், சும்மா ஒரு முறையும் படித்தேன்.

2. அவர் பேருந்துப் பணிமனையில் நேரக் காப்பாளர். அங்கே எல்லோருக்கும் 'டைம் அக்கா'. நாங்கள் இருவரும் பெண்கள். ஒரே வீட்டில் தம்பதியாக வாழ்ந்தோம். வெளியுலகுக்கு நான் அவருடைய சித்தி மகள். வாடகை வீடு பிடிக்கப் போன அன்று அவர் வாயில் வந்த பொய் அது. வீட்டுக்கார அம்மா தம் மகள்கள் சண்டை போடும்போதெல்லாம், "கீழ் வீட்டு அக்கா தங்கச்சியப் பாத்துக் கத்துக்கோங்கடி" என்பார். நாங்கள் கதவைச் சாத்திக்கொண்டு சிரிப்போம்.

3. நான்கு மாதங்களுக்கு முன் அவர் பணிமனையில் பக்கவாதம் தாக்கி விழுந்தார். பேச்சு போயிற்று, இடக்கை மட்டும் அசைகிறது. ஒன்பது நாட்கள் சித்தி மகளாகவே உடனிருந்தேன். பத்தாம் நாள் அவருடைய அண்ணன் வந்தார். இத்தனை ஆண்டுகளில் எட்டிப் பார்க்காதவர். வார்டு பதிவேட்டைப் பார்த்துவிட்டு, "எங்க சித்திக்கு ரெண்டும் பசங்கதான். இது யாரு?" என்றார். பொய் சொன்னது உண்மை, மறுக்கவில்லை. நாங்கள் யார் என்பதை அங்கேயே, எல்லோர் முன்னிலையிலும் சொன்னேன். "ரத்த சொந்தம், இல்லேன்னா புருஷன். ஃபார்ம்ல வேற கட்டம் இல்லம்மா" என்றார் கண்காணிப்பாளர். அன்று வெளியே வந்தவள் இன்றுவரை வெளியேதான் நிற்கிறேன்.

4. மருத்துவமனை இயக்குநர், நீதிமன்றம், மேல்முறையீடு ஆகிய மூன்றும் ஆயிற்று. நான் செய்தது ஆள்மாறாட்டம் என்று தீர்ப்பு. உள்நாட்டில் தட்டுவதற்கு இனி கதவில்லை.

5. உறவுக்கான ஆவணமும், எங்களை அறிந்த இருவரின் வாக்குமூலமும் கேட்டிருந்தீர்கள். இங்கேதான் எனக்குக் கை ஓடவில்லை. ஐயா, எதுவும் யார் கையிலும் சிக்கக்கூடாது என்றே வாழ்ந்தோம். வீட்டில் இரண்டாவது கட்டில் விருந்தாளிகள் கண்ணுக்காகப் போட்டது. அதன் மெத்தையில் கடையில் சுற்றித் தந்த பிளாஸ்டிக் உறை இன்னும் கழற்றப்படவில்லை. சேர்ந்து எடுத்த படம் ஒன்றுகூட இல்லை. அவர் படமெல்லாம் நான் எடுத்தது, என் படமெல்லாம் அவர் எடுத்தது. அவ்வளவு கெட்டிக்காரிகள். கடையில் "உங்க அக்கா எப்படி இருக்காங்க?" என்று கேட்கிறார்கள், தேறிவருகிறார் என்கிறேன். எனக்கே தெரியாது. அழுதால்கூட ஓர் அக்காவுக்காக எவ்வளவு அழலாமோ அவ்வளவுதான் அழ வேண்டியிருக்கிறது.

6. எங்களை அறிந்தவர் உலகில் ஒருவரே. நான்காம் வார்டு, பதினான்காம் படுக்கை. தங்கள் குழுவின் பேரில் யாரையாவது அனுப்பி, உறையிலுள்ள என் படத்தைக் காட்டி, இவள் உங்களுக்கு யார் என்று கேட்கச் செய்யுங்கள். இடக்கையால் பதில் சொல்வார். யாருமில்லை என்று அவர் காட்டினால் நான் கட்டுப்படுகிறேன்.

7. ஒன்று மட்டும். விழுந்தபோது அவருடைய கண்ணாடி நொறுங்கிவிட்டது. அவருடைய பவர் எனக்கு மனப்பாடம். புது லென்ஸ் நானே தேய்த்தேன். மூன்று முறை கொண்டுபோனேன். "உள்ள குடுத்தா என் வேலை போயிடும்மா" என்று வாசல் காவலர் திருப்பித் தந்துவிட்டார். அது இல்லாமல் கால்மாட்டில் நிற்பவர் முகம் அவருக்குத் தெரியாது. நான் வரவே இல்லையா, வந்தும் தமக்குத் தெரியவில்லையா என்று புரியாமல் கிடப்பார்.

ஆகவே, வழக்கு முடியும்வரை தினம் ஒரு மணி நேரம் அவரைப் பார்க்க எனக்கு அனுமதி கிடைக்க ஆவன செய்யுமாறு வேண்டுகிறேன். உத்தரவு தாமதமானாலும் கண்ணாடி தாமதமாக வேண்டாம். கேள்வி கேட்கும் முன் அதை அவருக்கு மாட்டிவிடச் சொல்லுங்கள். வலது காதுப் பக்கம் சற்று இறுக்கமாக இருக்கும். மெதுவாக மாட்ட வேண்டும்.

நாள்: மார்ச் 14
இடம்: கடையின் பின்னறை

இப்படிக்கு,
(கையொப்பம்)
சித்தி மகள் அல்லாதவள்

இணைப்பு: இயக்குநர் உத்தரவு, தீர்ப்பு நகல்கள் – 3, என் படம் – 1 (அவர் எடுத்தது), மூக்குக்கண்ணாடி – 1.