கடல் உறிஞ்சிய வாத்து

மாமு,

மகளுக்கு வாங்கிய ரெயின்கோட்டின் கவரைப் பிரித்தேன். அந்த வாசனை வந்தது. புதுப் பிளாஸ்டிக் வாசனை என்பாள் என் மனைவி. உனக்கும் எனக்கும் அது பி.வி.சி. பவுடரோடு ஆயில் கலந்து சூடாகும் வாசனை. உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டியிருந்தது. கன்டெய்னர் லாரி மோதி நீ போய் மூன்று வருஷமாகிறது. பதில் வராது என்கிற தைரியத்தில் எழுதுகிறேன்.

காலடிப்பேட்டை சந்தில் நம் ஷெட்டு. அமுக்கினால் கீச்சென்று கத்துகிற வாத்து பொம்மை செய்தோம். வெறும் பவுடரை உருக்கினால் பிளாஸ்டிக் கட்டை மாதிரி இருக்கும். ஆயில் ஊற்றினால்தான் அமுங்கும். அளவு பார்க்க ஏதோ மீட்டர் உண்டாம். முதலாளி வாங்கவில்லை, என் பல் இருந்தது. ஒவ்வொரு லாட்டிலும் ஒரு துண்டைக் கடித்து, ஆயில் கம்மி, ஆயில் ஜாஸ்தி என்று தீர்ப்புச் சொல்வேன். ஒன்பதாவதை இரண்டு தடவை படித்தவனுக்குக் கிடைத்த ஒரே பட்டம் அது.

ஒரு திங்கட்கிழமை நீ ஒரு துண்டை நீட்டினாய். “இத்தக் கட்ச்சு சொல்லு மாமு.”

கடித்தேன். பல் இறங்கவில்லை. “ஆயிலே ஊத்தல. எந்த சோமாறி கலந்தான் இத?”

“நீதான்.”

பையிலிருந்து வாத்தை எடுத்தாய். வால் அறுபட்டு, வெளுத்துப்போயிருந்தது. நம் அச்சில் இடது கண் மட்டும் மழுங்கலாக விழும், அதே கண். முந்தின நாள் உன் வீட்டுக்குப் பின்னால், பாறாங்கல் கொட்டிய கரையில் அலை ஒதுக்கியது என்றாய். ஷெட்டில் இருந்த நாலு பேரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், வேறு வழியில்லை.

“ஊத்துன ஆயிலு எங்க பூட்சு?” என்றாய்.

“மீனுங்க தலைக்குத் தேச்சிக்கினு குளிச்சிருக்கும்.”

“பாதிய வெயிலு தின்னுருக்கும். மீதி கடலுக்குள்ளதான் கீது. உப்புத் தண்ணி உறிஞ்சும்னா எச்சி உறிஞ்சாதா? உம் பொண்ணு இதத்தான மென்னுகினு கீறா?”

அவளுக்கு அப்போது பல் முளைக்கும் பருவம். வாத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தவன் நான்தான். “சயன்டிஸ்ட்டு வந்துகீறாரு, சேர் போடுங்கடா” என்று உன்னை ஓட்டினேன். இந்த முறை சிரிப்பு என் பக்கம்.

சாயந்திரம் வீட்டுக்குப் போனதும் முதல் வேலையாக அதை அவள் வாயிலிருந்து பிடுங்கினேன். கால் மணி நேரம் அழுதாள். காக்கா தூக்கிப்போய்விட்டது என்று மனைவியிடம் சொன்னேன். அது எந்த ஊர்க் காக்கா என்று அவள் கேட்கவில்லை. என் பொய்கள் அவளுக்குப் பழக்கம்.

மறுநாள் நீ கேட்டாய். “பொம்மைய எட்த்துட்டியா?”

நாலு பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். “எதுக்கு? இன்னும் மென்னுகினுதான் கீறா. ஷோக்கா கீறா. உன் பேஜாரு தாங்கல மாமு.” சொல்லிவிட்டு, வழக்கமான அளவு ஆயிலை மிக்ஸரில் ஊற்றினேன்.

“அப்ப சரி. உனக்குத் தெரியாததா” என்றாய். சாயந்திரம் கிளம்பும்போது உன் கைக்குழந்தைக்கு ஒரு வாத்தை எடுத்துக்கொண்டாய். அவளுக்கும் பல் வரப்போகிறது என்றாய். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

இரண்டு பெண்களும் இப்போது ஒரே பள்ளிக்கூடம். உன் மகள் நன்றாகத்தான் இருக்கிறாள். ஓட்டப்பந்தயத்தில் என் மகளை ஜெயிக்கிறாள். அந்த ஆயில் குழந்தையை என்ன செய்யும், கடலை என்ன செய்யும் என்று எனக்கு இன்றைக்கும் சரியாகத் தெரியாது. உன் மகளுக்கு லேசாகச் சளி பிடித்தால்கூட முதலில் போய் நிற்பவன் நான். உன் மனைவி என்னைத் தங்கமான மனுஷன் என்கிறாள். நான் மறுப்பதில்லை.

உன் பேச்சைக் கேட்டு என் மகள் வாயிலிருந்து எடுத்தேன். என் பேச்சைக் கேட்டு நீ உன் மகள் கையில் கொடுத்தாய். உண்மையைச் சொல்லியிருந்தால் இன்னொரு தடவை சிரித்திருப்பார்கள். நாலு பேர்தான், மாமு.