பக்கத்துக்கு ஐந்தடி

மார்ச் 2

மதிப்புக்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் முழங்கால் இந்த வாரமாவது சொன்ன பேச்சைக் கேட்கிறதா? இங்கே உடம்புக்கு ஒன்றுமில்லை. மனம்தான் ஓரிடத்தில் உட்கார மாட்டேன் என்கிறது.

பிள்ளைகள் வீட்டுக்கு மாடி எடுக்கப் பிளான் வந்துவிட்டதாம். மகள் போனில் படித்துக் காட்டினாள். உங்களுக்கும் விளக்கிவிடுகிறேன், வாத்தியார் புத்தி விடாது. பரீட்சைத் தாளை நினைத்துக்கொள்ளுங்கள். நாலு பக்கமும் ஓரம் விட்டுத்தான் எழுத வேண்டும். ஓரத்தில் எழுதியதற்கு மதிப்பெண் கிடையாது. மனையும் அப்படித்தான். தெருப்பக்கம் பத்தடி, பின்னால் பத்தடி, பக்கத்துக்கு ஐந்தடி காலியாக விட வேண்டும். இப்போதுள்ள வீடே அந்த ஓரம் வரை வந்து நிற்கிறது. இனி மேலேதான் போகலாம். அதிலும் இருபத்து மூன்றடியைத் தாண்டக் கூடாது. தெரு குறுகல் என்பதால் மாடி இன்னும் பின்தள்ளி நிற்க வேண்டுமாம். எல்லாம் கழித்தால் மாடியில் மிஞ்சுவது ஓர் அறை. மகளும் மாப்பிள்ளையும் அங்கே போய்விட்டால், கீழே அவர்களுடைய அறை காலியாகும்.

ஒன்றே ஒன்று.

நான் குடியிருக்கும் வீட்டை இடித்து அடுக்குமாடி கட்டப் போகிறாராம் உரிமையாளர். மழைக்கு முன்னால் காலி செய்யச் சொல்லியிருக்கிறார். அதற்காக நான் எதையும் கேட்கவில்லை. பெண்ணைப் பெற்றவள் கேட்பது அழகல்ல. உங்களுக்கோ சொந்த வீடு, ஒழுகாத கூரை. சும்மா எழுதத் தோன்றியது, எழுதினேன்.

அன்புடன்,
உங்கள் சம்பந்தி


மார்ச் 9

டீச்சரம்மாவுக்கு வணக்கம்.

முழங்கால், படி ஏறும்போது திட்டுகிறது, இறங்கும்போது அழுகிறது.

எனக்குச் சுற்றி வளைத்துப் பேச வராது. கீழ் அறை எனக்கு வேண்டுமென்று மகனிடம் சொல்லிவிட்டேன். சொந்த வீடு என்கிறீர்கள். என் வீட்டுக்காரி போன பிறகு இங்கே நான் பேசினால் கேட்க ஒரு சுவர்தான் இருக்கிறது. அதுவும் வாயைத் திறக்காது. முப்பது வருஷம் எஞ்சின் பக்கத்தில் உட்கார்ந்ததில் ஒரு காது போய்விட்டது. மிச்சமிருக்கும் காதுக்கு இங்கே வேலை இல்லை.

எதிரே வண்டி வந்தால் ரிவர்ஸ் எடுத்தவன் இல்லை நான். டிப்போவில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். ஆனாலும் உங்களைத் தெருவில் விட்டுவிட்டு நான் உள்ளே கால் நீட்ட மனசு வரவில்லை. அதனால் மேஸ்திரியைப் பிள்ளைகள் வீட்டுக்குக் கூட்டிப்போய்க் காட்டினேன். "பின்னாடி பத்தடி சும்மாதானே கெடக்கு? தகரம் போட்டு ஒரு ரூம் எறக்கிடலாம் சார். எவன் வந்து டேப்பு புடிச்சுப் பாக்கப் போறான்?" என்றார். என்ன சொல்கிறீர்கள்?

இப்படிக்கு,
பஸ்காரர்


மார்ச் 15

சம்பந்தி அவர்களுக்கு வணக்கம்.

தகர அறை யோசனைக்கு நன்றி. அதில் யார் படுப்பது என்று நீங்கள் எழுதவில்லை. எழுதாமல் விட்டதையும் படித்துப் பழகியவள் நான்.

நகரமைப்பு அலுவலகத்துக்கே போய்க் கேட்டேன். அங்கே ஓர் இளம் இன்ஜினியர் பெண். "அந்தப் பத்தடி காத்து வர்றதுக்கும், தீப்பிடிச்சா ஆளுங்க உள்ள வர்றதுக்கும்மா. நாளைக்கே பக்கத்து வீட்டுல ஒரு புகார் எழுதிப் போட்டா, இடிக்கச் சொல்லி நோட்டீஸ் வந்துடும்" என்றாள். இடிக்கும்போது உள்ளே படுத்திருப்பவளை முதலில் எழுப்புவார்களா என்று கேட்டேன். சிரித்தாள்.

நான் விடவில்லை. உயரம் தரையிலிருந்துதானே கணக்கு, நாலடி பூமிக்குள் இறக்கினால் என்ன என்றேன். "மழைத் தண்ணி உங்க கட்டிலுக்கு அடியில வந்து நிக்கும்மா." தண்ணீர்த் தொட்டிக்கு உயரக் கட்டுப்பாடு கிடையாதாமே என்றேன். "அதுக்குன்னு தொட்டிக்குள்ளயா குடியிருக்கப் போறீங்க?" வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். நானும்தான் சிரித்தேன். வெளியே வந்த பிறகு, ஒரு கட்டில் போடும் இடத்துக்காகச் சட்டத்தில் சந்து தேடி அலைகிறேனே என்று என் மேலேயே எரிச்சல் வந்தது. அந்த எரிச்சலில் வந்த பஸ்ஸைக்கூட விட்டுவிட்டேன்.

நீங்கள் அறையைக் கேட்டீர்கள், நான் கேட்கவில்லை. கேட்காதவள் கேட்டவர் மேல் வருத்தப்படலாமா? கூடாதுதான். ஆனால் வருத்தமாக இருக்கிறது.

உங்கள் சம்பந்தி


ஏப்ரல் 1

டீச்சரம்மாவுக்கு,

இதை எப்படி எழுதுவதென்று இரண்டு நாளாக வீட்டுக்குள் குறுக்கும் நெடுக்கும் நடந்துகொண்டிருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை அங்கே போயிருந்தேன். "எப்படா பொட்டியக் கட்டட்டும்?" என்று சிரித்துக்கொண்டேதான் கேட்டேன். மகன் சிரிக்கவில்லை. "அப்பா, இருக்குறது ஒரு ரூம். உங்களைக் கூப்பிட்டா அத்தை மனசு நோகும். அத்தையைக் கூப்பிட்டா உங்க மனசு நோகும். அதான் ரெண்டு பேரையுமே கூப்பிட வேணாம்னு முடிவு பண்ணிட்டோம். அந்த ரூமை ஆபீஸ் வேலைக்கு வெச்சுக்கறோம்" என்றான். மருமகள் தரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த அறைக்காக நீங்கள் அலுவலகம் வரை நடந்தது அவளுக்குத் தெரிந்திருக்கிறது.

நியாயமான பேச்சு. செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன். ஒரே சீட்டுக்கு நாம் ரெண்டு பேரும் கர்ச்சீப் போட்டோம். கண்டக்டர் சீட்டையே கழற்றிக்கொண்டு போய்விட்டார்.

உங்கள் வீட்டுக்கு எப்போது கடப்பாரை வருகிறது? என்ன செய்யப் போகிறீர்கள்?

பஸ்காரர்


ஏப்ரல் 6

சம்பந்தி அவர்களுக்கு வணக்கம்.

கவலையை விடுங்கள், எனக்கு வீடு கிடைத்துவிட்டது. நல்ல வெளிச்சம். காற்று யாரையும் கேட்காமல் உள்ளே வருகிறது. புது விலாசம் பிறகு எழுதுகிறேன். அதுவரை பழைய விலாசத்துக்கே போடுங்கள், எனக்கு வந்துவிடும்.

மகளுக்கும் எழுதிவிட்டேன். ஒரு தாய் கையில் ஒரு பழம்தான் இருக்கிறது என்று வையுங்கள். இரண்டு பிள்ளைகளும் கையை நீட்டினால் அவள் பழத்தை ஒளித்துத்தான் வைப்பாள். ஒரு பிள்ளை பசிக்கவில்லை என்று சொன்னால் போதும், பழம் வெளியே வந்துவிடும். எனக்குப் பசிக்கவில்லை என்று சொல்லிவிட்டேன். நம் பிள்ளைகள் கெட்டவர்கள் இல்லை, சம்பந்தி. ஓரவஞ்சனைக்குப் பயந்தவர்கள்.

பெட்டியைக் கட்டுங்கள். வீம்புக்கு மறுக்காதீர்கள்.

உங்கள் சம்பந்தி


ஆகஸ்ட் 11

டீச்சரம்மாவுக்கு,

மாடி வேலை முடிந்து, மகனும் கூப்பிட்டு, நான் இங்கே வந்து மூன்று வாரமாகிறது. பிள்ளைகள் மாடியில், நான் கீழே. ராத்திரி மகன் தண்ணீர் குடிக்க இறங்கி வந்தால் கதவைத் திறந்து என்னைப் பார்த்துவிட்டுப் போகிறான். தூங்குகிற மாதிரி கிடப்பேன்.

சும்மா இருந்தவனுக்கு, உங்கள் புது வீட்டைப் பார்த்துவிட்டு வரலாமென்று நேற்று ஓர் ஆசை. விலாசம்தான் நீங்கள் எழுதவே இல்லையே. பழைய வீட்டில் விசாரித்துக்கொள்ளலாம் என்று போனேன்.

முன்சுவர் இல்லை. மாடி இல்லை. செங்கல் குவியலுக்கு நடுவே ஒரு ஆள் வேலையை நிறுத்திவிட்டு, "டீச்சரம்மா இங்கதான் சார் இருக்காங்க. அவங்க ரூமைக் கடைசியாத்தான் இடிக்கிறதுன்னு பேசி வெச்சிருக்கோம். இப்ப வீடு பாக்கப் போயிருக்காங்க, தெனம் போறாங்க" என்றார். உள்ளே எட்டிப் பார்த்தேன். உங்கள் கட்டில்மேல் தூசிக்குப் போர்வை போட்டு மூடி வைத்திருந்தீர்கள். காற்று கேட்காமல்தான் வந்துகொண்டிருந்தது.

குறுகின ரோட்டில் ரெண்டு பஸ் எதிரெதிரே வந்தால் எவனாவது ஒருத்தன் பின்னால் போயாக வேண்டும். நீங்கள் போயிருக்கிறீர்கள், பின்னால் பள்ளம் என்று தெரிந்தே. ஒரு ஹாரன்கூட அடிக்கவில்லை. எனக்கு நேற்றிலிருந்து இந்த அறையில் கால் நீட்ட முடியவில்லை.

இதோடு சாவி வைத்திருக்கிறேன். என் வீடு பூட்டிக் கிடக்கிறது. இப்போது எவ்வளவு வாடகை கொடுக்கிறீர்களோ அதையே கொடுங்கள். வாடகை வேண்டாமென்று நான் சொன்னால் நீங்கள் வரமாட்டீர்கள் என்று தெரியும். சட்டமெல்லாம் வருவதற்கு முன்னால் கட்டின வீடு அது. ஓரம் கீரம் ஒன்றும் கிடையாது, பக்கத்து வீடும் நம் வீடும் ஒரே சுவர். கதவைக் கொஞ்சம் தூக்கித் தள்ள வேண்டும்.

இங்கே பின்னால் அந்தப் பத்தடியில் ரெண்டு நாற்காலி போட்டிருக்கிறேன். கட்டடத்துக்குத்தான் தடையாம், நாற்காலிக்கு இல்லையாம். உங்கள் இன்ஜினியர் பெண்ணிடமே கேட்டுவிட்டேன். மருமகள் ஒன்றில் உட்கார்ந்து, அம்மா எப்போது வருவாங்க என்று கேட்கிறாள். நீங்கள் இருக்கிற இடத்தைப் பற்றி நான் வாய் திறக்கவில்லை. அதை நீங்களே வந்து சொல்லுங்கள்.

பஸ்காரர்


ஆகஸ்ட் 24

அன்புள்ள சம்பந்தி அவர்களுக்கு,

உங்கள் வீட்டிலிருந்து எழுதுகிறேன். கதவைத் தூக்கித் தள்ளினேன், திறந்தது. சாவியைத் திருப்பி அனுப்பிவிடலாமா என்று ஒரு வாரம் கையிலேயே வைத்துக்கொண்டு அலைந்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

சுவர் வாயைத் திறக்காது என்று எழுதியிருந்தீர்கள். அது சுவரின் குற்றமில்லை, உங்கள் காதின் குற்றம். முதல் நாள் சாயங்காலம் புடவைகளை அடுக்கிக்கொண்டிருக்கிறேன், சுவர் சத்தமாகப் பாடம் படிக்கிறது: "மஞ்சள் விளக்கு எரிந்தால் வேகமாகச் செல்ல வேண்டும்." எனக்கு வண்டி ஓட்டத் தெரியாது. ஆனால் தப்பான விடை எந்தக் குரலில் வரும் என்று தெரியும். சுவரைத் தட்டி, "நிறுத்தணும்மா" என்றேன்.

பிறகு சுவர், "யாரு, பஸ்கார ஐயாவா?" என்றது.

"இல்லம்மா, அவரோட சம்பந்தி."

"லைசென்ஸுக்குப் படிக்கிறேங்க. ஐயாகிட்ட எத்தனை தடவை தட்டித் தட்டிக் கேட்டிருக்கேன் தெரியுமா? ஒரு நாளும் வாயைத் தொறந்ததில்லை. ரொம்ப கர்வம் புடிச்சவரு போலன்னு விட்டுட்டேன்."

உங்கள் கேளாத காது சுவர்ப் பக்கம் இருந்திருக்கும் என்று எடுத்துச் சொல்லியிருக்கிறேன். அன்றிலிருந்து தினமும் பாடம் நடக்கிறது. இந்த ஆறு மாதத்தில் நேற்றுத்தான் நான் பஸ் நேரம், வாடகை விளம்பரம் எதையும் யோசிக்காமல் உட்கார்ந்திருந்தேன்.

ஆனால் ஒரு கேள்வியில் மாட்டிக்கொண்டேன். குறுகலான மேட்டுப் பாதையில் இரண்டு வண்டி எதிரெதிரே வந்தால் யார் பின்னால் போக வேண்டும்? ஏறுகிறவரா, இறங்குகிறவரா? அவளுக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. உங்களுக்குத் தெரிந்திருக்கும், என்றைக்கும் செய்யாவிட்டாலும். சீக்கிரம் எழுதுங்கள். சுவருக்கு அடுத்த வியாழக்கிழமை பரீட்சை.

ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். மகளிடம் நானே சொல்லிக்கொள்கிறேன். அதுவரை இரண்டாவது நாற்காலியை மழையில் விட்டுவிடாதீர்கள்.

உங்கள் சம்பந்தி,
உங்கள் குடித்தனக்காரி